பெட்டிக்குள் பழைய போர்ப் பதக்கமா? எடைக்குப் போடும் முன் விளிம்பைப் பாருங்க!

பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது டிரங்குப் பெட்டி ஒன்று இறங்கும். பத்திரம், பழைய ரசீது, உடைந்த மூக்குக் கண்ணாடி... அதற்கு அடியில் துணியில் சுற்றிய வட்டமான ஒரு பதக்கம். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரை. வெள்ளி மாதிரி இருக்கு. "யாரோ பட்டாளத்துல இருந்தாங்கன்னு அப்பத்தா சொல்லும்" என்பதைத் தவிர வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. அடுத்த வாரம் அது கடைத்தெருவில் எடைக்குப் போகும், அல்லது ஆன்லைனில் 'அபூர்வ ஜெர்மன் போர் மெடல்' என்று ஏதோ ஒரு விலைக்கு ஏறும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் பழைய நாணயம் பார்ப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. சமஸ்தானத்தின் அம்மன் காசைக் கையில் எடுத்ததும் அடையாளம் சொல்லிவிடுவார்கள். ஆனால் போர்ப் பதக்கம் என்று வந்தால் ரொம்பப் பேர் தடுமாறுகிறார்கள். பிரிட்டிஷ் பதக்கத்தை ஜெர்மன் என்கிறார்கள், ஜெர்மன் நகலை அசல் என்கிறார்கள். எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

முதல் வித்தியாசம்: பெயர் இருக்கா, இல்லையா?

இரண்டு உலகப் போர்களிலும் ஜெர்மனி கோடிக்கணக்கில் பதக்கங்களும் சின்னங்களும் கொடுத்தது. அவற்றைத் தனியார் பட்டறைகள் அச்சடித்தன. பதக்கத்தில் பட்டறையின் முத்திரையோ எண்ணோ இருக்கலாம். வாங்கிய சிப்பாயின் பெயர் இருக்காது. பெயர் இருந்தது கூடவே தந்த சான்றிதழில்தான். காகிதம் போனால் அந்தப் பதக்கம் யாருடையது என்று சொல்ல வழியில்லை.

முதல் உலகப் போருக்கு பிரிட்டிஷ் அரசு கொடுத்த பதக்கங்கள் அப்படி இல்லை. ஒவ்வொன்றின் விளிம்பிலும் சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றைப் பொறித்தே அனுப்பினார்கள். இந்தியச் சிப்பாய்க்கும் அப்படித்தான். பட்டாளத்துக்குப் போன ஏழைக் குடியானவர் பலருக்கு பிறப்புச் சான்றிதழ் கிடையாது, புகைப்படம் கிடையாது. அவர் பெயர் உலோகத்தில் பதிந்திருக்கும் ஒரே இடம் அந்த விளிம்பாக இருக்கலாம். அதை உருக்கினால் அந்தச் சாட்சியும் சேர்ந்து உருகும்.

குதிரை போட்ட வெள்ளிப் பதக்கம் எது?

தமிழக வீடுகளில் முதல் உலகப் போர் நினைவாக இருப்பவற்றில் முக்கியமானது 'பிரிட்டிஷ் வார் மெடல்'. 36 மில்லிமீட்டர் விட்டம், சுமார் 28 கிராம் எடை, 92.5 சதவீத வெள்ளி. முன்பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். பின்பக்கம் குதிரை மேல் ஆடையில்லாத ஒரு வீரன், ஓரங்களில் 1914, 1918 என்ற ஆண்டுகள். குதிரையின் குளம்புக்குக் கீழே உற்றுப் பாருங்கள். ஒரு கேடயம் மிதிபடும், அதில் கழுகு இருக்கும். அது ஜெர்மனி தரப்பின் கழுகு. 'கழுகு இருக்கு, அதனால ஜெர்மன் மெடல்' என்று சிலர் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். உண்மையில் அது தோற்றவரின் சின்னம்.

ரிப்பன் மிஞ்சியிருந்தால் நடுவில் அகலமான ஆரஞ்சு, இருபுறமும் வெள்ளை, கறுப்பு, ஓரத்தில் நீலம் என்று இருக்கும். நூறு வருஷத்தில் ஆரஞ்சு வெளுத்துப் போவதும் சகஜம்.

இதே பதக்கம் செம்பு நிறத்தில் கிடைத்தால் போலி என்று தூக்கிப் போட வேண்டாம். வெள்ளியில் சுமார் 65 லட்சம் அடித்த அரசு, வெண்கலத்திலும் சுமார் 1,10,000 அடித்தது. சுமை தூக்கவும் சாலை போடவும் பதுங்குகுழி வெட்டவும் போன இந்திய, சீன, மால்டா உழைப்புப் படையினருக்கு அந்த வெண்கலம். துப்பாக்கி பிடித்தவனுக்கு வெள்ளி, மண்வெட்டி பிடித்தவனுக்கு வெண்கலம்! எடைக்கு ஒன்றும் தேறாது என்பதால் வெண்கலம் எளிதில் காயலான் கடைக்குப் போயிருக்கும். ஆனால் சேகரிப்பாளர்கள் தேடுவது பெரும்பாலும் இதைத்தான்.

இதனுடன் சேர்ந்து இன்னும் இரண்டு இருக்கலாம். சிறகு விரித்த பெண் உருவம் உள்ள வெண்கல 'விக்டரி மெடல்', வானவில் ரிப்பனோடு வரும். இதை யாருக்கும் தனியாகக் கொடுத்ததில்லை. பெட்டியில் இது மட்டும் கிடைத்தால் ஜோடி எங்கேயோ பிரிந்துவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது, குறுக்கே இரண்டு வாள் பதித்த '1914-15 ஸ்டார்'. நட்சத்திரத்துக்கு விளிம்பு கிடையாது என்பதால் பெயர் முதுகுப் பக்கம் இருக்கும். இது இருந்தால் அவர் 1915 முடிவதற்குள் போர்முனைக்குப் போய்விட்டார் என்று அர்த்தம்.

இங்கிருந்து போனவர்கள் ஜெர்மானியரோடு மோதினார்களா?

மோதினார்கள், அதுவும் ஆப்பிரிக்காவில். 1914 நவம்பர் தொடக்கத்தில், இன்றைய தான்சானியாவில் உள்ள தாங்கா துறைமுகத்தைப் பிடிக்க இந்தியாவில் இருந்து ஒரு படை கப்பலில் போனது. அன்று அது ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா. போன படையில் 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபான்ட்ரியும் 61-வது பயனியர்ஸும் இருந்தன. இரண்டுமே பழைய மெட்ராஸ் படையின் வாரிசுகள். எதிரில் இருந்தவர் ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக். எண்ணிக்கையில் பல மடங்கு குறைவான ஆட்களை வைத்துக்கொண்டு அவர் பிரிட்டிஷ் படையை விரட்டி அடித்தார். சண்டைக்கு நடுவே தேனீக் கூடுகள் கலைந்து இரு தரப்பையும் கொட்டித் தீர்த்ததால் 'தேனீக்களின் போர்' என்றே அதற்குப் பெயர் வந்தது.

அதற்குச் சில வாரம் முன்பு, செப்டம்பர் 22 இரவில்தான் ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னையைச் சுட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. 'அவன் பெரிய எம்டன்' என்று நாம் இன்னும் சொல்வது அந்தக் கப்பலை வைத்துத்தான். எம்டனுக்கும் ஒரு பதக்கக் கதை உண்டு. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை வீழ்த்தியது. உடைந்த எம்டனில் இருந்து எடுத்த மெக்சிகோ வெள்ளி நாணயங்களில் ஆயிரத்தை சிட்னி நகர நகைக்கடை ஒன்று பதக்கமாக மாற்றிக் கொடுத்தது. ஜெர்மன் கப்பலில் இருந்த மெக்சிகோ காசு, ஆஸ்திரேலியப் பதக்கம்! ஒரு பதக்கம் எந்த நாட்டினுடையது என்பதை உலோகத்தை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

விளிம்பில் இருப்பதை எப்படிப் படிப்பது?

பகல் வெளிச்சத்தில், பதக்கத்தைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். செல்போன் கேமராவை ஜூம் செய்தாலும் போதும். எழுத்து எல்லாம் ஆங்கிலத்தில் சுருக்கமாக இருக்கும். முதலில் எண், பிறகு 'செப்பாய்', 'நாயக்', 'ஹவில்தார்', 'சாப்பர்', 'டிரைவர்' போன்ற பதவி, பிறகு பெயர், கடைசியில் படை.

பெயரில்தான் சிக்கல். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது அது. ஊர் இருக்காது. அப்பா பெயரோ தலையெழுத்தோ பெரும்பாலும் இருக்காது. ஒரே படையில் பத்து ராமசாமி, இருபது முனுசாமி இருந்திருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது எண் ஒன்றுதான். ஆகவே பெயரைக் குறிப்பதைவிட எண்ணைத் தப்பில்லாமல் குறிப்பது முக்கியம்.

படைப்பெயரிலும் ஒரு சூட்சுமம் இருக்கு. 'எஸ் அண்ட் எம்' என்று இருந்தால் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது பாலம், பதுங்குகுழி, கண்ணிவெடி வேலை பார்த்த பொறியாளர் படை. அதன் முன்னால் 1 என்று இருந்தால் வங்காளம், 3 என்றால் பம்பாய், 2 என்றால் நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ். காலாட்படையில் 73, 75, 79, 80 போன்ற எண்களோடு 'கர்நாடிக்' என்று வந்தாலும், 61, 64, 81 என்ற எண்களோடு 'பயனியர்ஸ்' என்று வந்தாலும் மெட்ராஸ் மாகாணத் தொடர்பு உண்டு.

விளிம்பு வழவழவென்று வெறுமையாக இருந்தால்? யாரோ அரத்தால் ராவி பெயரை அழித்திருக்கலாம். 36 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. பழைய பெயரை ராவிவிட்டு, 'நல்ல' படையின் பெயரைப் புதிதாகப் பொறித்து விற்பதும் உலகச் சந்தையில் நடக்கிறது. அச்சடித்த எழுத்துக்கும் பின்னால் கையால் கீறிய எழுத்துக்கும் வித்தியாசம் பூதக்கண்ணாடியில் தெரிந்துவிடும்.

இரண்டாம் உலகப் போர் நட்சத்திரங்கள்

மஞ்சள் கலந்த செம்பு நிறம், ஆறு முனை, நடுவில் கிரீடமும் மன்னரின் எழுத்துகளும். இவை 1939-45 போருக்கான நட்சத்திரங்கள். எந்தப் போர்முனை என்பதை நடுவட்டத்தைச் சுற்றியே எழுதியிருக்கும்: ஆப்பிரிக்கா, இத்தாலி, பர்மா, பசிபிக். ரிப்பனை நம்ப வேண்டாம், கிழிந்ததும் கிடைத்ததைக் கோத்திருப்பார்கள். ஜெர்மானியரை எதிர்த்துப் போனவர் என்றால் ஆப்பிரிக்கா ஸ்டாரோ இத்தாலி ஸ்டாரோ இருக்கும். ஆப்பிரிக்கா ஸ்டார் 1940 ஜூனில் இருந்து 1943 மே வரை அங்கே இருந்தவர்களுக்கு. பர்மா ஸ்டார் என்றால் எதிரி ஜப்பான்.

இதோடு 'வார் மெடல்' என்ற வெள்ளை நிறப் பதக்கம் வரும். அதன் பின்பக்கம் ஒரு சிங்கம், இரட்டைத் தலை விலங்கின் மேல் நிற்கும். ஒரு தலை கழுகு, இன்னொன்று டிராகன். மேற்கத்திய எதிரி, கிழக்கத்திய எதிரி இரண்டையும் மிதிப்பதாகக் கணக்கு. 'இந்தியா சர்வீஸ் மெடல்' என்பதில் இந்திய வரைபடம் இருக்கும். பிரிவினைக்கு முந்தைய முழு வரைபடம் அது.

இங்கேதான் பெரிய ஏமாற்றம். இந்தப் போரின் நட்சத்திரங்களில் பெரும்பாலும் பெயர் பொறிக்கவில்லை. கோடிக்கணக்கானோருக்கு எழுதச் செலவாகும் என்று பிரிட்டன் கைவிட்டது. ஆகவே 1940-களில் போன தாத்தாவின் பதக்கத்தைவிட அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகமும் சம்பளப் புத்தகமும்தான் பெரிய ஆதாரம். 'காகிதம்தானே' என்று போகிப் பண்டிகையில் எரித்துவிடாதீர்கள்.

அசல் ஜெர்மன் பதக்கம் எப்படி இருக்கும்?

வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் இருந்து திரும்பிய சிப்பாய்கள் எதிரியின் பதக்கங்களை நினைவுப் பொருளாக எடுத்துவருவது உலகம் முழுக்க நடந்த பழக்கம். அதனால் நம்ம ஊர்ப் பெட்டியிலும் ஒன்று கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் இன்று ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பவற்றில் நகல்கள்தான் அதிகம்.

எல்லோரும் கேட்பது இரும்புச் சிலுவையை. 1813-ல் பிரஷ்ய மன்னர் தொடங்கியது. கறுப்பு இரும்பு நடுத்துண்டு, அதைச் சுற்றி வெள்ளிச் சட்டம் என மூன்று துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. 1914 என்று ஆண்டும் 'டபிள்யூ' எழுத்தும் கிரீடமும் இருந்தால் முதல் போர். 1939 என்று ஆண்டும் நடுவில் சாய்ந்த ஸ்வஸ்திகாவும் இருந்தால் ஹிட்லர் காலம். காந்தம் வைத்துப் பாருங்கள், நடுத்துண்டு ஒட்ட வேண்டும். ஒட்டாத அசல்களும் கொஞ்சம் உண்டு என்றாலும், ஒட்டாவிட்டால் முதலில் சந்தேகப்படுவதே நல்லது. ஓரத்தில் சட்டம் இணைந்த கோடு தெரிய வேண்டும். முழுக்க ஒரே வார்ப்பாக இருந்து மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் அது பொம்மை.

1939 என்று போட்டு, ஸ்வஸ்திகாவுக்குப் பதில் ஓக் இலை இருந்தால்? அது போலி இல்லை. 1957-ல் மேற்கு ஜெர்மனி சட்டம் போட்டு, பழைய வீரர்கள் ஸ்வஸ்திகா நீக்கிய வடிவத்தை அணியலாம் என்றது. அப்போது செய்தது அது.

அடுத்து அதிகம் புழங்குவது 1934-ல் வந்த 'ஹிண்டன்பர்க் சிலுவை'. முதல் போரில் இருந்த அத்தனை பேருக்கும் விண்ணப்பத்தின் பேரில் கொடுத்தது, மொத்தம் 80 லட்சத்துக்கும் மேல். குறுக்கு வாள் இருந்தால் களத்தில் நின்றவர், வாள் இல்லாவிட்டால் களத்துக்குப் போகாதவர், கறுப்பாக இருந்தால் மகனையோ கணவனையோ பறிகொடுத்த குடும்பம். இத்தனை லட்சம் இருப்பதால் 'அபூர்வம்' என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம்.

வீரச் செயலுக்காக அல்லாமல் வெறும் பணிக்காலத்துக்கு என்றே ஒரு வரிசையும் உண்டு. 1936-ல் தொடங்கியது. 4, 12 ஆண்டுகளுக்கு வட்டப் பதக்கம், 18, 25 ஆண்டுகளுக்குச் சிலுவை. நீல ரிப்பன், முன்பக்கம் கழுகு, பின்பக்கம் ஆண்டின் எண். ஒரு பெரிய '4' மட்டும் இருக்கும் பதக்கத்தைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், நாலு வருஷ சர்வீஸ், அவ்வளவுதான்.

ஸ்வஸ்திகாவைப் பார்த்து 'நம்ம சாமி சின்னம்' என்று பூஜை அலமாரியில் வைத்துவிடும் ஆபத்தும் இருக்கு. ஜெர்மனியில் அந்த நாஜிச் சின்னத்தைப் பொதுவெளியில் காட்டுவதே குற்றம். கல்வி, ஆய்வு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

ஜெர்மனியில் உருவான இந்தியப் பதக்கம்

இது பலருக்குத் தெரியாத கதை. 1942-ல் ஜெர்மனியில் இருந்த நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் 'ஆசாத் ஹிந்த்' என்ற பெயரில் ஒரு பதக்க வரிசையை உருவாக்கினார். வியன்னாவில் உள்ள ருடால்ஃப் சூவல் என்ற நிறுவனம் அதைச் செய்தது. வட ஆப்பிரிக்காவில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களில் இருந்து அங்கே ஒரு படை திரட்டப்பட்டது. கைப்பட்டையில் மூவர்ணம், பாயும் புலி, 'சுதந்திர இந்தியா' என்று ஜெர்மன் மொழியில் எழுத்து. பதக்கம் அந்தப் படையின் இந்தியருக்கும் அதில் இருந்த ஜெர்மன் அதிகாரிகளுக்கும் போனது. களத்தில் நின்றவர்களுக்கு வாள் சேர்ந்த வடிவம். 1944 ஆகஸ்டில் அந்தப் படை ஹிட்லரின் வாஃபன் எஸ்.எஸ். நிர்வாகத்துக்குக் கீழ் போனது. அந்த நெருடலையும் மறைக்காமல் சொல்லித்தான் இந்தப் பதக்கத்தைப் பற்றிப் பேச முடியும்.

'நேதாஜி பதக்கம்' என்று யாராவது விற்க வந்தால் இரண்டு தடவை யோசியுங்கள். போர் முடிந்த பிறகும் சூவல் அச்சில் அடித்தவை சந்தையில் ஏராளம் என்று சேகரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். மலேயா, பர்மாவில் இருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர் வீடுகளில் கிடைக்கக்கூடியது வேறு. 1972-ல் சுதந்திர வெள்ளிவிழாவின்போது தியாகிகளுக்கு மத்திய அரசு கொடுத்த தாமிரப் பட்டயம் அது. அதில் தியாகியின் பெயர் இருக்கும்.

பெயர் கிடைத்தாச்சு, அடுத்து?

அவர் போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். இந்தியச் சிப்பாய்கள் பலருக்கு அப்பா பெயர், ஊர், மாவட்டம் வரை அதில் பதிவு உண்டு. இங்கே புதுக்கோட்டைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கு. இந்த மாவட்டம் பிறந்ததே 1974-ல்தான். அதற்கு முன் திருமயம், ஆலங்குடி, குளத்தூர் பக்கம் 1948 வரை தொண்டைமான் சமஸ்தானம். அறந்தாங்கி பக்கமோ தஞ்சாவூர் மாவட்டம். ஆகவே அறந்தாங்கித் தாத்தாவை 'புதுக்கோட்டை' என்று தேடினால் கிடைக்க மாட்டார், தஞ்சாவூரின் பழைய ஆங்கில எழுத்தான 'டாஞ்சூர்' என்று தேட வேண்டும். பெயரையும் நாலைந்து எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள்.

உயிரோடு திரும்பியவர் என்றால் படையின் ஆவணப் பிரிவை அணுகலாம். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி மாவட்டம் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு. எண்ணும் பெயரும் தெளிவாக இருக்கும் புகைப்படத்தோடு எழுதுவது நல்லது. யாருக்கு எழுதுவது என்று குழப்பம் வந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

விற்கலாமா?

சொந்தக் குடும்பப் பதக்கத்தை நாட்டுக்குள் விற்பதற்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்புவது வேறு விஷயம். 1972-ம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருஷம் கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருள் தொல்பொருளாகக் கருதப்படும், தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. முதல் போர்ப் பதக்கங்கள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. லண்டன் ஏலக்காரருக்குப் பார்சல் போடும் முன் தொல்லியல் துறையிடம் கேட்பது பாதுகாப்பு. வீட்டுப் பெட்டியில் இல்லாமல் மண்ணைத் தோண்டும்போது கிடைத்தால் 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் வரும். மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இந்த மாவட்டம் ஒரு தடவை இப்படி இழந்ததும் உண்டு. 1898-ல் ஆலங்குடி பக்கம் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் பல இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. இப்போது அந்த நிலைமை இல்லை. திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கு. வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியாதவர்கள் கொடுப்பதற்கு அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

எதைச் செய்வதானாலும் முதலில் முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு முழுவதும் போட்டோ எடுத்து வையுங்கள். ரிப்பனைக் கழற்ற வேண்டாம், எத்தனை நைந்திருந்தாலும். பல பதக்கங்கள் ஒரே கம்பியில் கோத்திருந்தால் பிரிக்கவும் வேண்டாம். முக்கியமாக, குத்துவிளக்கு துலக்குவது மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், நூறு வருஷமாக விளிம்பில் இருந்த எழுத்து தேய்ந்து போகும். மெல்லிய பருத்தித் துணியில் துடைத்து, அமிலம் இல்லாத காகிதத்தில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் போதும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை ஆகாது, அதில் உலோகம் பச்சை பூத்துவிடும்.